முதல் பட்டதாரியாக இன்ஜினியரிங் சேருகிறவர்களுக்கு: முதல் செமஸ்டரைத் தாண்டும் வழி

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி, வீட்டில் அப்பா அம்மா இருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, கவுன்சலிங்கில் ஒரு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது, இனி என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. உங்கள் நிலைமை இதுதான் என்றால் தொடர்ந்து படியுங்கள். நானும் இப்படி வந்தவள்தான், இப்போது முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கலைக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேருகிறவர்களுக்கு மார்க் கணக்கு மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டரில் நாலைந்து அரியர் (பாஸ் ஆகாமல் நிலுவையில் நிற்கும் பேப்பர்) வைக்கிற பிள்ளைகளில், இவனுக்குப் படிப்பே வராது என்று சொல்லத்தக்க ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களைத்தான் பார்க்கிறேன். அண்ணனோ அக்காவோ இன்ஜினியரிங் படித்த வீட்டில் இன்டர்னல் என்றால் என்ன, அட்டெண்டன்ஸ் குறைந்து லேக் விழுந்தால் என்ன ஆகும், எந்த சாரிடம் எப்போது போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ராத்திரி சாப்பிடும்போது பேச்சுவாக்கில் காதில் விழுந்துவிடும். நம் வீட்டில் விழாது. அதனால் நாம் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வெட்கப்படாமல், திரும்பத் திரும்ப.

சேருவதற்கு முன்: சான்றிதழ் வேலை

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். இந்தச் சான்றால் கிடைக்கும் கட்டணச் சலுகை கவுன்சலிங் மூலம் சேருகிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அக்கா ஏற்கெனவே வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பொறியியல் போன்ற தொழிற்கல்விகளுக்கு 2021-இல் வந்த சட்டம் இது. இந்த இரண்டில் எதில் சேர்ந்திருக்கிறீர்கள் என்பது அட்மிஷன் ஆர்டரிலேயே தெரிந்துவிடும், அதை ஒருமுறை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். அதற்கு மேல் கல்லூரியில் ஏதாவது பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள், ரசீது வாங்காமல் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள்.

மாதம் 1,000 ரூபாய் வருகிற திட்டங்கள் இரண்டு உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், அதைப் பார்ப்பதற்கென்று ஒரு சார் இருப்பார், அவர் யார் என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பெண்களுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், முதலாண்டில் விட்டுவிட்டால் பிறகு கிடைக்காது. இதைப் பற்றித் தெரியாமலேயே விட்டுவிட்ட பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான். கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்பது போதாது. அரசு உதவித்தொகை நேரடியாக வந்து சேர்வதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருக்கிறார்களா என்று வங்கியில் போய்க் கேளுங்கள். அம்மா கணக்கு, அப்பா கணக்கு எல்லாம் உதவாது, உங்கள் பெயரில் இருக்க வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இன்ஷியல் என்று இருந்தால் கல்லூரி திறப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள். டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல்களைக் கல்லூரியில் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள், பத்து செட் ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.

முதல் வாரம்: ரெகுலேஷன், சிலபஸ், ஆட்கள்

உங்கள் பேட்ச் எந்த ரெகுலேஷனில் (பல்கலைக்கழகத்தின் விதிமுறைத் தொகுப்பில்) வருகிறது என்று கேளுங்கள். 2021 ரெகுலேஷனா, அதற்குப் பிந்தியதா? மார்க் கணக்கு, பாஸ் மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். நான் கீழே சொல்கிற எண்களும் பாடங்களும் 2021 ரெகுலேஷன்படி, உங்களுடையது வேறு என்றால் அதை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பள்ளியில் புத்தகம் என்று ஒன்று கையில் இருந்தது, அட்டை முதல் அட்டை வரை அதுதான் பாடம். இங்கே அப்படி இல்லை. ஒரு பக்கம் சிலபஸ், அதில் ஐந்து யூனிட், அவ்வளவுதான், புத்தகம் எதுவாகவும் இருக்கலாம். சிலபஸ் கையில் இல்லாதவன் என்ன படிக்கிறோம் என்றே தெரியாமல் படித்துக்கொண்டிருப்பான்.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். கிளாஸ் அட்வைசர் என்று ஒருவர் இருப்பார், மென்டர் என்று ஒருவர் இருப்பார், சில கல்லூரிகளில் இருவரும் ஒருவரே. முதல் வாரத்திலேயே போய், "மேம், நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், எங்க வீட்ல நான்தான் முதல்ல காலேஜுக்கு வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் யாருக்கு என்ன தேவை என்று எங்களுக்குத் தானாகத் தெரியாது, சொன்ன பிள்ளையைத்தான் கண் தேடும். சீனியர்களில் உங்கள் பள்ளியிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ வந்தவர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். போன வருஷக் கேள்வித்தாள், ரெக்கார்டு நோட்டு, எந்த ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கும்.

ஸ்டாஃப் ரூமுக்குப் போவதற்குத்தான் நம் பிள்ளைகள் ரொம்பப் பயப்படுகிறார்கள். தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள், மத்தியான இடைவேளையில் போங்கள். போகும்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள், எந்த வரியில் நின்றுவிட்டீர்களோ அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். "யூனிட் ரெண்டு புரியல மேம்" என்று வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும், மறுபடி முழுப் பாடமா எடுக்க முடியும்? "மூணாவது ஸ்டெப்ல இந்த மைனஸ் எங்கிருந்து வந்துச்சு மேம்" என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிஷம் நீங்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை முழித்துத் தேடுவதை மிச்சப்படுத்தும்.

ஆங்கிலம்

முதல் மூன்று வாரம் வகுப்பில் ஒன்றும் காதில் ஏறாது. பக்கத்தில் சிபிஎஸ்இ படித்த பையன் சரளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான், நமக்கு இங்கே இடமில்லை என்று தோன்றும். பத்தாம் வகுப்பில் 450 எடுத்த பிள்ளைக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பையனுக்குத் தெரிந்திருப்பதில் பாதி உங்களுக்கும் தெரியும், தமிழில் தெரியும்.

என் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள். நேர்மாறு அணி கண்டுபிடித்தீர்கள், அணியின் தரம் கண்டுபிடித்தீர்கள். கல்லூரியில் 2021 ரெகுலேஷன்படி முதல் செமஸ்டர் கணிதத்தின் முதல் யூனிட் மேட்ரிசஸ். நீங்கள் விட்ட இடத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. போர்டில் இன்வர்ஸ் என்றும் டிடர்மினன்ட் என்றும் எழுதியதைப் பார்த்துப் புதுசு என்று நினைத்துக் கை கட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் பள்ளியில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதனால் பள்ளிப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் விடுதிக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொல், வலது பக்கம் பள்ளிப் புத்தகத்தில் இருந்த சொல் என்று எழுதுங்கள். டிஃபரன்ஷியேஷன், வகையிடல். இன்டகிரேஷன், தொகையிடல். ஃபங்ஷன், சார்பு. ஒரு பாடத்துக்கு நூறு, நூற்றைம்பது சொல்லுக்கு மேல் தேறாது, இரண்டு மாதத்தில் அந்த நோட்டே தேவைப்படாமல் போய்விடும்.

புரிந்துகொள்வது தமிழில் இருக்கட்டும், எழுதிப் பார்ப்பது மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் தேர்வு அப்படித்தான். தினமும் இரண்டு இரண்டு-மார்க் கேள்விக்குப் பதில் எழுதுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. ஒரு வரி டெஃபனிஷன், ஒரு ஃபார்முலா, அதில் உள்ள எழுத்துகள் எதைக் குறிக்கின்றன, அளவீட்டு அலகு என்ன. இலக்கணம் கொஞ்சம் தவறினாலும் பேப்பர் திருத்துகிறவர் இன்ஜினியரிங் பாடத்தில் அதற்காக மார்க் குறைப்பதில்லை, ஃபார்முலா தவறினால்தான் குறைப்பார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டிச் சேருவதை முதல் செமஸ்டரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நேரத்தில் பாடப் புத்தகத்தை வாய்விட்டுப் படியுங்கள், வகுப்பில் நாளுக்கு ஒரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் பேசுங்கள், "ஒன்ஸ் அகெய்ன் ப்ளீஸ் மேம்" என்பதில் தொடங்கினாலும் போதும்.

ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் வீடியோ பாடங்கள் இலவசம், பல பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்து வடிவம் கிடைக்கிறது. ஏஐசிடிஇயின் இ-கும்ப் தளத்தில் முதலாண்டுப் பாடநூல்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழர் மரபு என்று ஒரு பேப்பர் முதல் செமஸ்டரில் வரும், தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டாம் செமஸ்டரில். ஒரு கிரெடிட்தானே என்று விடாதீர்கள், மற்றவர்கள் திணறும் இடத்தில் நீங்கள் அள்ளக்கூடிய மார்க் அது.

அட்டெண்டன்ஸ்

75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லை என்பது மாதிரி காரணம் இருந்து 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்துக் கண்டோனேஷன் (விலக்கு) கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும், ஒரு வருஷம் போச்சு.

நம் பிள்ளைகளுக்கு இது எங்கே அடிக்கிறது என்றால் கேட்டரிங் வேலையில். ஞாயிற்றுக்கிழமை பரிமாறப் போய் ஐந்நூறோ அறுநூறோ சம்பாதிப்பதில் தப்பே இல்லை, பஸ் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் முகூர்த்த நாள் ஞாயிறு மட்டும் வருவதில்லை. ஆவணி, ஐப்பசி என்று வாரத்தில் இரண்டு நாள் கூப்பிடுவார்கள், முதல் நாள் ராத்திரியே மண்டபத்துக்குப் போக வேண்டும், மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு வருவீர்கள், அல்லது வரவே மாட்டீர்கள். வாரநாள் வேலைக்குப் போவதில்லை என்று முதலிலேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பணத்துக்கு உண்மையிலேயே வேறு வழி இல்லை என்றால் அதை மென்டரிடம் சொல்லுங்கள், விடுதிக் கட்டணத்தைத் தவணையாகக் கட்டுவது, நூலகத்தில் புத்தக வங்கியில் புத்தகம் எடுத்துக்கொள்வது என்று ஏதாவது வழி பண்ண முடியும். ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் நீங்கள் இருக்க முடியாது. வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த 75 கணக்கைத் தேதியோடு சொல்லிவிடுங்கள்.

இன்டர்னலும் செமஸ்டரும்: ஒரு கணக்கு

தியரி பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60, மொத்தம் 100. பாஸ் ஆக மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். செமஸ்டர் பேப்பரை 100-க்கு எழுதி 60-க்குக் குறைப்பார்கள்.

இப்போது பாருங்கள். இன்டர்னலில் 40-க்கு 30 வைத்திருக்கும் பிள்ளை பேப்பரில் 45 எடுத்தால் அது 27 ஆகும், கூட்டினால் 57, பாஸ். இன்டர்னலில் 20 இருந்தால் பேப்பரில் 50 எடுத்தே ஆக வேண்டும். இன்டர்னலில் 12 என்றால் பேப்பரில் 64 வேண்டும். ஒரே மாதிரி படித்த மூன்று பேரில் ஒருவர் பாஸ், ஒருவர் மயிரிழை, ஒருவர் அரியர். "செமஸ்டர்ல பாத்துக்கலாம்" என்று முதல் இரண்டு மாதம் இருந்துவிடுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் போர்டில் எழுதிக் காட்டுவேன்.

இன்டர்னல் இரண்டு முறை வரும். ஒவ்வொன்றும் 100 மார்க்குக்கு: எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார் மாதிரியானவை 40. இரண்டையும் சேர்த்து மேலே சொன்ன இன்டர்னல் 40-க்குக் குறைப்பார்கள். அந்த அசைன்மென்ட் 40-ஐ யாரும் மதிப்பதில்லை! பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கு மார்க் இல்லை, இங்கே இருக்கிறது. சொன்ன தேதியில், சொந்தக் கையெழுத்தில், முழுசாக எழுதிக் கொடுத்தால் போதும், புத்திசாலித்தனம்கூட வேண்டாம். லேப் ரெக்கார்டும் அப்படித்தான், அன்றன்று ஆப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் பத்து சோதனைக்கும் சேர்த்து எழுதி வரிசையில் நிற்காதீர்கள். சொந்தமாக லேப்டாப் இல்லாதவர்கள் பைத்தான் லேபை மட்டும் நம்பியிருக்காமல், கம்ப்யூட்டர் சென்டர் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டு அங்கே உட்காருங்கள்.

கணிதம் தவிர்த்த பெரும்பாலான தியரி பாடங்களின் செமஸ்டர் பேப்பரில் இரண்டு-மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. 13 மார்க்கும் 15 மார்க்கும் அது அல்லது இது என்று தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்கு இரண்டு இரண்டு-மார்க், ஒரு 13 மார்க், அதாவது 17. ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட மூன்று யூனிட்டைக் கேள்வி எங்கிருந்து வந்தாலும் எழுதுகிற மாதிரி படித்தால் 51 வருகிறது, மீதி இரண்டு யூனிட்டில் இரண்டு-மார்க் மட்டும் படித்தால் இன்னும் 8. பயந்து போயிருக்கும் பிள்ளைக்கு இது முதல் இலக்கு. அது கைக்கு வந்ததும் நாலாவது யூனிட்டைத் தொடுங்கள். படித்த யூனிட்டுக்குப் போன ஐந்து வருஷக் கேள்வித்தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிற பழக்கம் கைக்கு வர வேண்டும், அது படிப்பதால் வராது.

சேர்ந்து படிக்க மூன்று நாலு பேர் இருந்தால் நல்லது. ஊர்க்காரப் பிள்ளைகள் மட்டும் ஒரே அறையில் அடைந்துகொள்ளாமல், ஆங்கில வழியில் படித்த ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர் உங்களுக்கு வார்த்தை சொல்லட்டும்.

மனசு தளரும்போது

எந்தத் திட்டத்தில் சேர்ந்தீர்கள், எந்த ஒதுக்கீடு என்பதை எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. யாராவது சாதியையோ பள்ளியையோ பேச்சையோ வைத்துக் கேலி செய்தால் பொறுத்துக்கொண்டு போக வேண்டாம். எந்த நாள், யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்து, நம்பிக்கையான ஆசிரியரிடம் கொடுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், ஊருக்கே ஓடிவிடலாம் என்று நாள் கணக்கில் தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது போனில் விவரமாகப் பேசுங்கள். "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடாமல், இந்த வாரம் என்ன டெஸ்ட், அடுத்து என்ன என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை. பரீட்சை சமயம் எது என்று தெரிந்தால் அந்த வாரம் எந்த வேலைக்கும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ரிசல்ட் வந்த பிறகு

ஒன்றிரண்டு அரியர் வந்திருந்தால் முதலில் இன்டர்னல் எவ்வளவு, பேப்பரில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். நன்றாக எழுதிய பேப்பர் போய்விட்டது என்று தோன்றினால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள், நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள், மார்க் கூட வாய்ப்பிருக்கிறது என்று அவர் சொன்னால் ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சில நாள்தான் அவகாசம் இருக்கும், தனித்தனிக் கட்டணமும் உண்டு, அதனால் ரிசல்ட் வந்த அன்றே கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரியர் உறுதியாகிவிட்டால் அதை அடுத்த ஏப்ரல்-மே தேர்விலேயே எழுதிவிடுங்கள். மூன்றாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்களில் பல நிலுவையில் அரியர் இருப்பவர்களை உள்ளேயே விடுவதில்லை. குறிப்பாகக் கணிதத்தைத் தள்ளாதீர்கள், இரண்டாம் செமஸ்டர் கணிதம் முதல் செமஸ்டர் கணிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை அந்த அரியர் பாடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதே பாட ஆசிரியரிடம் போய் எந்த மூன்று யூனிட்டில் தொடங்கலாம் என்று கேளுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும்போது அந்த அரியர் பேப்பரின் பெயரும் பட்டியலில் வந்திருக்கிறதா என்று அலுவலகத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், விட்டுப்போனால் ஹால் டிக்கெட்டில் அது வராது.